‘எதுக்கு இப்ப பழசு?’: ஒரு வகுப்புத் தோழனின் நினைவேந்தலில்

(செப்டிக் டேங்கில் இறக்கப்பட்டு உயிரிழந்த தோழனின் முப்பதாம் நாள் நினைவேந்தல் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். வழக்கு விசாரணையில் இருப்பதாலும், குடும்பத்தினர் கேட்டுக்கொண்டதாலும் பெயர்களும் ஊரும் தவிர்க்கப்பட்டுள்ளன.)



முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அவனுடைய அம்மாவுக்கும், துணைவியாருக்கும், இரண்டு குழந்தைகளுக்கும் முதலில் வணக்கம். எனக்கு முன்பு பேசிய தோழர்கள் வழக்கைப் பற்றியும் இழப்பீட்டைப் பற்றியும் விரிவாகச் சொன்னார்கள். என்னை அழைத்தபோது, “நீங்க அவரோட ஒண்ணாப் படிச்சவரு, அதைப் பத்திப் பேசுங்க தோழர்” என்றார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை ஐந்து வருடம், ஒரே பெஞ்சில் இல்லாவிட்டாலும் ஒரே அறையில் படித்தோம். அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். ஆனால் அதைப் பேசினால் என்னைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவன் இறந்த அன்று காலையில் என் செல்போனுக்கு ஒரு செய்தி வந்தது. “விஷவாயு தாக்கி 2 தொழிலாளர்கள் பலி.” நான் அதைப் படித்தேன், அடுத்த செய்திக்குப் போனேன். மாலையில்தான் எங்கள் பத்தாம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் அவனுடைய படத்தைப் போட்டிருந்தார்கள். காலையில் நான் தள்ளிவிட்டுப் போன செய்தியில் இருந்த இரண்டு பேரில் ஒருவன் அவன்.

குழுவில் வரிசையாக ஆழ்ந்த இரங்கல் வந்தது. கும்பிடும் கை, கண்ணீர் விடும் முகம், மெழுகுவத்திப் படம். “நல்ல பையன்”, “அமைதியானவன்”, “எப்பவும் சிரிச்ச முகம்” என்று எழுதினார்கள். எல்லாம் உண்மைதான். இரவு பத்து மணிக்கு நான் ஒரு வரி எழுதினேன்: “நம்ம ஸ்கூல்லயே கக்கூஸ் கழுவ அனுப்புனது இவனைத்தான். ஞாபகம் இருக்கா?” கொஞ்ச நேரம் யாரும் எதுவும் எழுதவில்லை. பிறகு ஒருவர் எழுதினார்: “எதுக்கு இப்ப பழசு? இந்த நேரத்துல சாதி பேசாதீங்க.” அதற்கு ஏழெட்டுப் பேர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்கள். மறுநாள் காலையில் குழு வழக்கம்போலக் ‘குட் மார்னிங்’ படங்களுக்குத் திரும்பிவிட்டது.

இது பழசா என்பதுதான் என் கேள்வி. இன்று இங்கே நான் பேச வந்ததே அந்த ஒரு வரிக்குப் பதில் சொல்லத்தான்.

தோழர்களே, நானும் அவனும் பிறந்தது 1993இல். உலர் கழிப்பிடம் கட்டுவதையும், மலம் அள்ள ஆள் அமர்த்துவதையும் தடை செய்யும் முதல் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆண்டும் அதுதான். எங்களுக்கும் அந்தச் சட்டத்துக்கும் ஒரே வயது. அந்தச் சட்டம் போதாது என்று 2013இல் இன்னொரு சட்டம் வந்தது. அதன் 7ஆம் பிரிவு சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் ஆபத்தான முறையில் ஆளை இறக்குவதைத் தடை செய்கிறது. நேரடியாகவும் இறக்கக் கூடாது, ஒப்பந்தக்காரர் மூலமாகவும் இறக்கக் கூடாது. 2014 மார்ச் 27 அன்று உச்ச நீதிமன்றம், 1993 முதல் சாக்கடையில் இறந்த ஒவ்வொருவருடைய குடும்பத்தையும் கண்டுபிடித்து 10 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று சொன்னது. 2023 அக்டோபர் 20 அன்று அதை 30 லட்சமாக உயர்த்தியது. நீதிமன்றம் கணக்கெடுக்கச் சொன்ன காலம், எண்ணிப் பார்த்தால், அவன் பிறந்ததிலிருந்து தொடங்குகிறது. பிறந்த வருடத்திலேயே அவனைப் பாதுகாக்கச் சட்டம் இருந்தது. முப்பத்திரண்டு வருடம் கழித்து அதே காரணத்தால் செத்துப்போனான்.

இனி பள்ளிக்கு வருகிறேன்.

எங்கள் அரசு உயர்நிலைப் பள்ளியில் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் ஓர் ஆசிரியர் வகுப்பு வாசலில் வந்து நிற்பார். “நாலு பேர் வாங்கடா” என்பார். பெயர் சொல்ல மாட்டார். ஐம்பது பேர் இருக்கும் வகுப்பில் அந்த நாலு பேர் யார் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த நாலு பேருக்கும் தெரியும். பிளீச்சிங் பவுடர் டப்பாவும் தென்னந்துடைப்பமும் படிக்கட்டுக்கு அடியில் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு போவார்கள். பள்ளிக்கூடத்தில் சாதியின் பெயரை யாரும் சொல்ல மாட்டார்கள். சொல்ல வேண்டிய தேவையே அங்கு இல்லை.

ஆறாம் வகுப்பில் அந்த நாலு பேரில் நானும் ஒருவன். நான் பறையர் சமூகத்தைச் சேர்ந்தவன். அவன் அருந்ததியர். ஒருநாள் என் சட்டையில் பிளீச்சிங் பவுடர் பட்டு வெளுத்துப்போயிருந்ததைப் பார்த்து அம்மா விசாரித்தார். மறுநாள் வேலைக்குப் போகவில்லை. நேராகப் பள்ளிக்கு வந்தார். “எம் மவனைப் படிக்க அனுப்புனனா, கக்கூஸ் கழுவ அனுப்புனனா?” என்று வராந்தாவில் நின்று சத்தம் போட்டார். தலைமை ஆசிரியர் வெளியே வந்து சமாதானம் பேசினார். அதற்குப் பிறகு என்னை ஒருநாளும் அழைக்கவில்லை.

என் அம்மாவின் அந்தக் கோபத்தைப் பற்றி நான் பல மேடைகளில் பெருமையாகப் பேசியிருக்கிறேன். அடுத்த வெள்ளிக்கிழமை என்ன நடந்தது என்பதை எங்கும் பேசியதில்லை. அடுத்த வெள்ளிக்கிழமையும் அதே ஆசிரியர் வந்தார். அதே குரலில் “நாலு பேர்” என்றார். அவனும் மற்ற இரண்டு பேரும் எழுந்தார்கள். என் இடத்துக்கு அவனுடைய தெருவிலிருந்து இன்னொரு பையன் எழுந்தான். நான் தலையைக் குனிந்து புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை நிற்கவில்லை, ஆள்தான் மாறினான்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியில் அவன் என்னிடம் கேட்டான்: “டேய், உங்கம்மாவ எனக்கும் சேத்து வந்து பேசச் சொல்றியா?” நான் சரி என்றேன். ஆனால் அம்மாவிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று பல நாள் யோசித்திருக்கிறேன். பதினோரு வயதுப் பையனுக்கு என்ன தெரியும் என்று நீங்கள் எனக்காகப் பேசலாம். எனக்குத் தெரிந்துதான் இருந்தது. அம்மா மறுபடி போய்ச் சத்தம் போட்டால் ஆசிரியருக்குக் கோபம் வந்து என்னையும் திரும்ப அழைத்துவிடுவார் என்று பயந்தேன்.

அவனுடைய அம்மா ஏன் வரவில்லை? இதோ உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் அப்போது பேரூராட்சியில் தினக்கூலிக்குக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்குள் போய் அவர்கள் சத்தம் போட்டால் அடுத்த நாள் வேலை இருக்காது. என் அம்மா களை எடுக்கும் கூலி. ஒரு தோட்டத்தில் வேண்டாமென்றால் இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியும். கோபப்படுவதற்கும்கூட ஒரு வசதி வேண்டியிருக்கிறது, தோழர்களே. அந்த அளவு வசதி எங்களுக்கு இருந்தது, அவர்களுக்கு இல்லை.

இதைவிடச் சிரமமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு சில்வர் டம்ளர் தனியாக இருந்தது. அவன் வந்தால் பாட்டி அதில்தான் தண்ணீர் கொடுப்பார். குடித்துவிட்டு அவனே கழுவிக் கவிழ்த்து வைப்பான். டீக்கடையில் எங்களுக்கு வைத்திருந்த தனிக் குவளையை எதிர்த்துச் சண்டை போட்ட தெரு எங்கள் தெரு. அதே தெருவில், எங்கள் வீட்டில், அவனுக்கு ஒரு தனி டம்ளர். அண்ணல் அம்பேத்கர் படிநிலைச் சமத்துவமின்மை என்று சொன்னதை நான் பல்கலைக்கழக நூலகத்தில் படித்தபோது எனக்கு நினைவு வந்தது எந்த ஊர் அக்கிரகாரமும் அல்ல. எங்கள் வீட்டுத் திண்ணை. நமக்கு மேலே இருப்பவனிடம் கேட்கும் கேள்வியை நமக்குக் கீழே நாம் வைத்திருப்பவன் நம்மிடம் கேட்டால் பதில் இருக்க வேண்டும். இந்த அரங்கில் இருக்கும் என் சமூகத்துத் தோழர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

அவன் எப்படிப் படித்தான்? மற்றவர்கள் சொல்வதுபோல ‘பெரிய படிப்பாளி, வாய்ப்புக் கிடைக்கவில்லை’ என்றெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. சராசரியாகத்தான் படித்தான். கணக்கு வராது. எனக்கும் வராது. வீட்டில் தெலுங்கு பேசுகிறவன் என்பதால் தமிழில் ஒன்றிரண்டு சொல் தடுமாறும். அதை வைத்து ஓர் ஆசிரியர் அவனை எழுப்பி நிறுத்தி வாசிக்கச் சொல்லுவார், வகுப்பு சிரிக்கும். ஆனால் வரைபடம் போடுவதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. சமூக அறிவியல் பாடத்துக்குப் பென்சிலை எடுத்தால் புத்தகத்தைப் பார்க்காமல் காவிரியைக் குடகிலிருந்து பூம்புகார் வரை இழுப்பான். பவானி எங்கே சேர்கிறது, நொய்யல் எங்கே சேர்கிறது, அமராவதி எங்கே சேர்கிறது என்று சரியாக வைப்பான். வகுப்பில் பாதிப் பேருக்கு அவன்தான் வரைந்து கொடுத்தான். வரைந்து வாங்கிக்கொண்டவர்கள் யாரும் அவனோடு சேர்ந்து சாப்பிட்டதில்லை.

சராசரியாகப் படித்த நான் முனைவர் பட்ட ஆய்வாளனாக நிற்கிறேன். சராசரியாகப் படித்த அவன் படமாக நிற்கிறான். திறமைக்குத்தான் வாழ உரிமை என்று நாம் பேசக் கூடாது என்பதால் இதைச் சொல்கிறேன். மேல்சாதியில் பிறந்த சராசரி மாணவன் யாரும் கணக்கில் தோற்றதற்காக மலக்குழியில் இறங்குவதில்லை.

பத்தாம் வகுப்பில் நடந்தது இது. சுகாதாரமற்ற தொழில் செய்வோரின் குழந்தைகளுக்கு அரசு ஒரு கல்வி உதவித்தொகை கொடுக்கிறது. நல்ல நோக்கம்தான். ஆனால் அதை வாங்க, பெற்றோர் இன்ன வேலை செய்கிறார்கள் என்று சான்றிதழ் வேண்டும். ஒருநாள் அலுவலக உதவியாளர் வகுப்புக்குள் வந்து, “இந்தத் தொழில் பண்றவங்க பசங்க யார் யாரு, கையத் தூக்குங்க” என்றார். அவன் கையைத் தூக்கவில்லை. உதவியாளர் அவனைப் பெயர் சொல்லியே கூப்பிட்டார். வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவன், “எங்கம்மா கூலி வேலைக்குப் போறாங்க சார்” என்று மட்டும் சொன்னான். அந்த வருடம் அவன் உதவித்தொகை வாங்கவில்லை.

2009 தேர்வில் நான் தேறினேன். அவன் கணக்கில் 35 வாங்கவில்லை. துணைத் தேர்வு எழுதலாம் என்று பேசிக்கொண்டோம். அதற்குள் அவன் அப்பா படுத்துவிட்டார். மாமா ஒருவர் செப்டிக் டேங்க் லாரியில் வேலை பார்த்தார். “கொஞ்ச நாளைக்குத்தான்” என்று அவனை ஹோஸ் பிடிக்கக் கூட்டிப்போனார். அதே 2009இல்தான் தமிழ்நாடு அரசு அருந்ததியர்களுக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீட்டுக்குச் சட்டம் கொண்டுவந்தது. 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் 7 நீதிபதிகள் அமர்வு உள் ஒதுக்கீடு செல்லும் என்று தீர்ப்பளித்தபோது நாம் இனிப்புக் கொடுத்தோம். சரியான தீர்ப்பு. ஆனால் கல்லூரி வாசலில் கொடுக்கும் ஒதுக்கீடு, பத்தாம் வகுப்பு வாசலைத் தாண்டாதவனைத் தொடுவதில்லை. கதவு திறந்த வருடமே அவன் லாரியில் ஏறிவிட்டான்.

என் ஆய்வுத் தலைப்பு அரசுப் பள்ளிகளில் இடைநிற்றல். எவ்வளவு மென்மையான சொல் பாருங்கள். ஏதோ நடந்து போனவன் நடுவில் அவனாகவே நின்றுவிட்டதுபோல. அவன் நிற்கவில்லை. ஐந்து வருடம் வெள்ளிக்கிழமைதோறும் கையில் துடைப்பத்தைக் கொடுத்து, உன் இடம் இதுதான் என்று பழக்கி, கடைசியில் அந்த இடத்துக்கே அனுப்பிவைத்தார்கள். ‘எதுக்கு இப்ப பழசு’ என்று கேட்ட நண்பருக்கு என் பதில் இதுதான். பள்ளியில் கழிவறைக்கு அனுப்பியது ஒரு சம்பவம், செப்டிக் டேங்கில் இறக்கியது வேறொரு சம்பவம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது. பேர் சொல்லாமல் “வாங்கடா” என்று கூப்பிட்டால் யார் எழுந்து போக வேண்டும் என்பதை அங்கேதான் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தார்கள். எழுந்து போகாதவர்களுக்கும் சேர்த்துத்தான் அந்தப் பாடம்.

கடைசியாக அவனைப் பார்த்தது 2023இல், பேருந்து நிலையத்தில். “என்ன வாத்தியாரே, எப்ப டாக்டர் ஆவ?” என்று சிரித்தான். இடைநிற்றல் பற்றி ஆய்வு செய்கிறேன் என்றேன். “அப்ப எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்லடா” என்றான். கேட்டிருக்கலாம். பல ஊர்களுக்குப் போய்ப் பேட்டி எடுத்த நான் அவன் வீட்டுக்குப் போகவில்லை. பிறகு மகளைப் பற்றிப் பேசினான். கல்வி உரிமைச் சட்டத்தில் தனியார் பள்ளியில் 25 விழுக்காடு இடம் உண்டாமே, விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிறாயா என்றான். “பாக்கறேன்டா” என்றேன். இரண்டு முறை வாட்ஸ்அப்பில் நினைவுபடுத்தினான். நான் ஒரு கருத்தரங்கக் கட்டுரையில் மும்முரமாக இருந்தேன். கடைசித் தேதி போய்விட்டது. “பரவால்லடா, கவர்மெண்ட் ஸ்கூல்லயே சேத்துட்டேன்” என்று அனுப்பினான். அந்தக் குறுஞ்செய்தி இன்னும் என் போனில் இருக்கிறது.

இப்போது அன்றைய தினத்துக்கு வருகிறேன். ஒரு பனியன் கம்பெனியின் தொழிலாளர் விடுதி. லாரி வந்து தண்ணீரை உறிஞ்சிவிட்டது. அடியில் கெட்டிப்பட்ட கசடு வரவில்லை. இறங்கிக் கலக்கிவிடச் சொன்னார்கள். முதலில் இறங்கிய பையன் மேலே வரவில்லை. அவனைத் தூக்க இவன் இறங்கினான். இவனும் வரவில்லை. முகமூடி இல்லை, காற்றுக் குழாய் இல்லை, இடுப்பில் கட்டக் கயிறுகூட இல்லை.

அடைத்துக் கிடக்கும் மலக்குழியில் ஹைட்ரஜன் சல்பைடு இருக்கும். காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும். கசடைக் கலக்கினால் மொத்தமாகக் கிளம்பும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் வரும். அளவு அதிகமானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் இல்லையே என்று நினைக்கும்போதுதான் ஆபத்து அதிகம். ஒன்றிரண்டு மூச்சில் ஆள் சாய்ந்துவிடுவார். இது தெரியாத மர்மம் அல்ல. 2013 சட்டத்தின் விதிகளில் என்னென்ன கருவிகள் வேண்டும் என்று நீளமான பட்டியலே இருக்கிறது. ஆகவே ‘விஷவாயு தாக்கி’ என்று எழுதாதீர்கள். வாயு யாரையும் தேடிப் போய்த் தாக்கவில்லை. இவர்களை அதனிடம் அனுப்பினார்கள். அனுப்பியவருக்குப் பெயர் இருக்கிறது, முகவரி இருக்கிறது, ஜிஎஸ்டி எண் இருக்கிறது. செய்தியில் வாயு மட்டும்தான் இருக்கிறது.

ஒப்பந்தக்காரர், “நாங்க சொல்லவே இல்ல, அவங்களா எறங்கிட்டாங்க” என்றார். பிணவறை வாசலில் ஒரு தொகையைச் சொல்லி, உடலை வாங்கிக்கொண்டு போகச் சொன்னார்கள். அம்மா வாங்கவில்லை. “எம் பையன் பள்ளிக்கூடத்துலயும் அவனா எறங்குல, இங்கயும் அவனா எறங்குல சாமி” என்றார். ஒரு முழு நாள் அந்த வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். அன்று பள்ளிக்கு வந்து சத்தம் போட முடியாத அதே அம்மாதான்.

காவல்துறை கவனக்குறைவால் மரணம் என்று பாரதிய நியாய சன்ஹிதா 106ஆம் பிரிவில் வழக்குப் பதிந்தது. 2013 சட்டத்தையும், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் சேர்க்க வேண்டும் என்று கேட்கிறோம். 2015 திருத்தத்துக்குப் பிறகு, பட்டியல் சமூகத்தவரைக் கையால் மலம் அள்ள வைப்பது அந்தச் சட்டப்படியே குற்றம். “செப்டிக் டேங்க் வேற, மலம் அள்றது வேற” என்கிறார்கள். இதே வாதத்தைத்தான் 2021இல் ஒன்றிய அரசும் நாடாளுமன்றத்தில் வைத்தது. கையால் மலம் அள்ளியதால் யாரும் இறந்ததாகத் தகவல் இல்லை, சாக்கடையும் செப்டிக் டேங்கும் வேறு கணக்கு என்றது. குழிக்குள் இருப்பது என்ன என்று அவர்களிடம் நாம் கேட்க வேண்டும்.

எந்தச் சட்டத்தில் வழக்கு என்பது வெறும் எண் விவகாரம் அல்ல. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வந்தால் விதிகளின்படி குடும்பத்துக்கு மாத ஓய்வூதியம், ஒருவருக்கு வேலை, குழந்தைகளுக்குப் பட்டப்படிப்பு வரை கல்விச் செலவு என்று கேட்க முடியும். இந்த இரண்டு குழந்தைகளும் எதுவரை படிப்பார்கள் என்பது அந்தப் பிரிவைச் சேர்ப்பதில் இருக்கிறது.

அம்மா, உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். என் அம்மாவை உங்கள் மகனுக்காகவும் வந்து பேசச் சொல்லி அவன் கேட்டான். நான் சொல்லவில்லை. இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இதை மேடையில் சொல்வதால் என் மனசு கொஞ்சம் இலேசாகலாம், உங்களுக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை என்று தெரியும். எனவே செய்யக்கூடியதைச் சொல்கிறேன். நான் படித்த வகுப்பில், பெயர்ப் பட்டியலில் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். யாரை அனுப்பினார்கள், எத்தனை வருடம் அனுப்பினார்கள் என்று எழுதி வாங்குகிறேன். இதுவரை ஆறு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அதில் இருவர் அந்த வாட்ஸ்அப் குழுவில் கட்டை விரலைத் தூக்கியவர்கள். நீதிமன்றத்தில் இது செல்லுமா என்று வழக்கறிஞர் தோழர்தான் சொல்ல வேண்டும். ஆனால் பழசு என்று அவர்கள் மூடி வைத்தது எழுத்தில் இருக்கட்டும்.

அடுத்த மாதம் வழக்கு மறுபடி வருகிறது. அன்று நீதிமன்றத்தில் இந்த அம்மா தனியாக உட்காரக் கூடாது. இங்கே இருப்பவர்கள் ஒரு நாள் கூலியை, ஒரு நாள் விடுப்பைக் கொடுத்து வாருங்கள். பாப்பா படிக்கும் பள்ளிக்கு நாங்கள் நாலு பேர் போன வாரம் போய்வந்தோம். அங்கே கழிவறையை யார் கழுவுகிறார்கள் என்றுதான் முதலில் கேட்டோம். ஒவ்வொரு பருவமும் போய்க் கேட்போம். நீங்களும் உங்கள் ஊர்ப் பள்ளிக்குப் போய்க் கேளுங்கள்.

ஜெய்பீம்.